நான்கு பெரிய சிற்றரசர்கள், ஐந்து பதவிகள்: பாண்டிய நாட்டு ஆட்டத்தில் யாரை எங்கே அமர்த்துவது?

தெற்குமாசி:

அனைவருக்கும் வணக்கம். குருசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி ஆட்டத்தில் 867ஆம் ஆண்டுத் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்து, மதுரையிலிருந்து பாண்டிய அரசனாக ஆடி வருகிறேன். முதல் அரசன் 41 ஆண்டுகள் ஆண்டான். அவன் காலத்தில் தஞ்சைப் பக்கத்தையும் கொங்கையும் வேணாட்டையும் சேர்த்துக்கொண்டேன். அங்கெல்லாம் இருந்த பழைய குடும்பத்தினரை அப்புறப்படுத்தாமல், அவர்களையே சிற்றரசர்களாக வைத்துக்கொண்டேன். அவன் உயிரோடு இருந்தவரை ஒருவரும் தலை நிமிரவில்லை. அவன் நோயுற்று இறந்து, 19 வயது மகன் அரியணை ஏறி இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், நாடு என் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது.

இளைய அரசனின் நிர்வாகத் திறன் 14, படைத்திறன் 11, பேச்சுத் திறன் 6. ஆட்டம் நான்கு பேரை வலிமைமிக்க சிற்றரசர்கள் என்று குறித்துக் காட்டுகிறது. தெற்கே தாமிரபரணிக் கரையை வைத்திருக்கும் சிற்றப்பா ஒருவர். மற்ற மூவர் தஞ்சை, கொங்கு, வேணாடு ஆகியவற்றின் ஆட்சியாளர்கள். இவர்களில் சிற்றப்பாவுக்கு மட்டுமே அரசவையில் இடம் கொடுத்திருக்கிறேன். ஒற்றறியும் திறன் அவருக்கு 17 இருப்பதால், அப்பா காலத்திலிருந்தே அவர்தான் ஸ்பைமாஸ்டர், அதாவது ஒற்றர் தலைவர். வரியைக் கவனிக்கும் ஸ்டீவர்ட் பதவியில் நிலமில்லாத ஓர் அரண்மனை அலுவலர் இருக்கிறார். அவருடைய நிர்வாகத் திறன் 22. உறவுகளைக் கவனிக்கும் சான்சலரும் படையைக் கவனிக்கும் மார்ஷலும் அப்படியே, திறமை பார்த்து வெளியிலிருந்து அழைத்து வந்தவர்கள். அரச குருவைப் பற்றிக் கவலை இல்லை.

இப்போது தஞ்சையின் தலைமையில் தனிநாடு கேட்கும் கலகக் கூட்டணி ஒன்று உருவாகியிருக்கிறது. கொங்கும் வேணாடும் அதில் சேர்ந்துவிட்டன. அவர்களுடைய படைவலிமை என் வலிமையில் 76 சதவீதம். சிற்றப்பா அதில் சேரவில்லை. ஆனால் அவருக்கு முடியின் மேல் உரிமைக்கோரிக்கை இருக்கிறது, அவருடைய நல்லெண்ணமோ சுழியத்துக்குக் கீழே போய்விட்டது. கருவூலத்தில் 310 பொன் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். திறமையான அலுவலர்களை விலக்கிவிட்டு, திறமை குறைந்த சிற்றரசர்களை அந்த இடங்களில் அமர்த்துவது சரியா? அப்படி அமர்த்தினால் வரியும் படையும் குறையாதா? நான்கு பேருக்கும் இடம் கொடுத்தால் நல்ல அலுவலர் ஒருவர்கூட எஞ்ச மாட்டார். இந்தப் பாண்டிய நாட்டை இரண்டு மாதமாக, ஒவ்வோர் இரவும் வேலை முடிந்து வந்து கட்டியிருக்கிறேன். முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்குத் திரும்பி ஆட எனக்கு விருப்பமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

யானைமலை:

தம்பி, வணக்கம். 2020 செப்டம்பரில் ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்து ஆடி வருகிறேன். நீங்கள் சொல்லும் நிலையில் நானும் பலமுறை நின்றிருக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வலிமைமிக்கவர் என்று குறிக்கப்பட்ட சிற்றரசர் அரசவையில் தமக்கு ஓர் இடம் உண்டு என்று எதிர்பார்க்கிறார். அந்த இடம் கிடைக்காதபோது அவருடைய நல்லெண்ணத்திலிருந்து 40 புள்ளி கழிகிறது. புது அரசன் என்பதற்காகக் கழியும் புள்ளிகளும் இதனோடு சேரும்போது, நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று கலகக் கூட்டணியில் நிற்பதில் வியப்பில்லை. உங்கள் அப்பா 41 ஆண்டுகள் ஆண்டவர். நீண்ட ஆட்சியும் பழைய வெற்றிகளும் தந்த மதிப்பினால் அந்த 40 புள்ளிக் குறையை அவரால் தாங்க முடிந்தது. மகனால் தாங்க முடியவில்லை. ஆகவே நீங்கள் புதிதாக எந்தத் தவறும் செய்யவில்லை. அப்பா காலத்திலேயே இருந்த கடன் இப்போது வசூலுக்கு வந்திருக்கிறது.

ஆனால் நான்கு பேருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. கூட்டணியின் கணக்கைப் பாருங்கள். அதன் படைவலிமை உங்கள் வலிமையில் 80 சதவீதத்தைத் தொட்டால்தான் அதிருப்தி மாதந்தோறும் ஏறத் தொடங்கும். அந்த அதிருப்தி 100ஐ எட்டிய பிறகுதான் இறுதிக் கோரிக்கை வந்து சேரும். நீங்கள் இப்போது 76இல் இருக்கிறீர்கள். மூவரில் ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் போதும், மற்ற இருவரும் எவ்வளவு வெறுத்தாலும் ஒன்றும் செய்ய இயலாமல் காத்திருப்பார்கள். எனவே யாரை மிக எளிதாக, மிகக் குறைந்த செலவில் வெளியே எடுக்கலாம் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எல்லோரையும் மகிழ்விக்க முயன்று கருவூலத்தைக் காலி செய்வது, புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் விழும் குழி.

அடுத்தது பதவிகள். ஐந்து பதவிகளிலும் திறமைக் குறைவால் வரும் கேடு ஒரே அளவல்ல. ஸ்டீவர்ட் வரி வசூலைப் பார்க்கிறார். அங்கே 22 திறன் உள்ளவரை எடுத்துவிட்டு 7 உள்ளவரை வைத்தால் ஒவ்வொரு மாதமும் அந்த வேறுபாடு கருவூலத்தில் தெரியும். அவரைத் தொடாதீர்கள். மார்ஷல் பதவியில் திறமை குறைந்தவர் இருந்தால், புதிதாக வென்ற நாடுகளில் அரச அதிகாரம் மெதுவாக நிலைபெறும், படை நிரம்புவதும் தாமதப்படும். ஆனால் போர் நடக்காத ஆண்டுகளில் அந்தக் குறையை நீங்கள் உணரவே மாட்டீர்கள். சான்சலர் உள்நாட்டு உறவுகளைக் கவனிக்கும் வேலையில் இருக்கும்போது மற்றச் சிற்றரசர்களின் நல்லெண்ணத்தையும் சிறிது சிறிதாக உயர்த்துவார் என்பதால், அங்கே ஓரளவு பேச்சுத் திறன் உள்ள ஒரு பெரிய சிற்றரசரை வைத்தால் ஒரே இடத்தில் இரண்டு பயன் கிடைக்கும். தஞ்சை ஆட்சியாளரின் பேச்சுத் திறன் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பைமாஸ்டர் பதவிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை உண்மையிலேயே அச்சுறுத்தியது இதுதான். மற்றப் பதவிகளில் திறமையற்றவரால் நட்டம் வரும். இந்தப் பதவியில் திறமையுள்ள பகைவரால் உயிரே போகும். உங்கள் மீது தொடுக்கப்படும் கொலைச் சதிகளைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டியவர் அவர். அவரே அந்தச் சதியில் சேர்ந்துவிட்டால், சதிகாரர்களுக்கு அவரைவிடச் சிறந்த கையாள் கிடைக்க மாட்டார். சிற்றப்பாவுக்கு முடியின் மேல் உரிமை இருக்கிறது, வெறுப்பு இருக்கிறது, 17 திறன் இருக்கிறது, அரண்மனையின் கதவுகளெல்லாம் அவர் கையில் இருக்கின்றன. அப்பா காலத்தில் அவர் தம்பி. தம்பிக்கு அண்ணன் மேல் இருந்த பற்று அண்ணன் மகனிடம் வராது. திறமை 10 இருந்தாலும் போதும், உங்களை உண்மையாக விரும்பும் ஒருவரை இன்றே அந்த இடத்தில் அமர்த்துங்கள். சிற்றப்பாவை அரசவையைவிட்டே அனுப்பிவிட வேண்டாம். அவரும் வலிமைமிக்கவர் என்பதால் அந்த 40 புள்ளி அவரிடமும் கழியும். வேறு பதவி கொடுங்கள்.

கடைசியாக, மண உறவு. அரசனோடு நேச உடன்படிக்கை உள்ள சிற்றரசர் அவனுக்கு எதிரான கூட்டணியில் சேர மாட்டார். உங்கள் அப்பா யாருக்காவது பெண் கொடுத்திருந்தாரா என்று பாருங்கள். அரசர் இறந்ததும் அவர் செய்திருந்த நேச உடன்படிக்கைகள் அறுந்துவிடும்; ஆனால் மண உறவு உயிரோடு இருந்தால், புது அரசன் அதைக் காட்டி மீண்டும் உடன்படிக்கை பேசலாம். பலர் இதைச் செய்ய மறந்துவிடுகிறார்கள்.

மேலூர்த்தடாகம்:

யானைமலை அண்ணே சொல்வதில் ஸ்பைமாஸ்டர் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். மற்றதில் எனக்கு வேறு கருத்து உண்டு.

கலகம் வரட்டும் என்று விடுவதே நல்லது என்பது என் அனுபவம். கூட்டணிப் போரில் நீங்கள் வென்றால், அதில் சேர்ந்த அத்தனை பேரும் உங்கள் சிறையில் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பட்டத்தைப் பறிக்க உங்களுக்கு உரிமை கிடைக்கும். கொடுங்கோலன் என்ற பெயர் வராது. அமைதிக் காலத்தில் காரணமில்லாமல் ஒரு பட்டத்தைப் பறித்தால் நாடு முழுவதும் உள்ள சிற்றரசர்கள் உங்களை வெறுப்பார்கள். அதே பட்டத்தைக் கலகத்துக்குப் பிறகு பறித்தால் ஒருவரும் கேட்க மாட்டார். தஞ்சையையும் கொங்கையும் வேணாட்டையும் ஒரே போரில் உடைக்கும் வாய்ப்பை, அரசவை இடங்களைக் கொடுத்து நீங்களே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

படைவலிமை என்று ஆட்டம் காட்டும் எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவர்களுடைய படையில் பெரும்பகுதி ஊர்களிலிருந்து திரட்டப்படும் சாதாரண ஆட்கள். நீங்கள் 310 பொன்னில் நிலையான சிறப்புப் படைப்பிரிவு ஒன்றை எழுப்பி, நல்ல தளபதியையும் வைத்துக்கொண்டால், எண்ணிக்கையில் கூடுதலான அந்தப் படை உங்கள் முன் நிற்காது. நம் பகுதிப் பண்பாடுகளுக்கு யானைப் படை கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். பராமரிப்புச் செலவு மிகுதி என்றாலும், களத்தில் அதற்கு ஈடு குறைவு. மூவரும் தனித்தனி இடங்களில் படை திரட்டுவார்கள். ஒன்று சேருவதற்கு முன் ஒவ்வொருவராக அடித்தால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும்.

யானைமலை:

மேலூர்த் தம்பி சொல்வது உள்நாட்டுக் கணக்கில் சரி. ஆனால் வடக்கே இராட்டிரகூடர் எவ்வளவு பெரிதாக இருக்கிறார் என்பதைத் தெற்குமாசி எழுதவில்லை. உள்நாட்டுப் போரில் படை பாதியாகக் குறைந்து நிற்கும்போது வடக்கிலிருந்து ஒருவர் போர் அறிவித்தால், வென்ற மூன்று நாடுகளோடு சொந்த நாடும் போகும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் காஞ்சிப் பக்கம் முழுவதும் போனது. இன்னொன்று, இளைய அரசனுக்கு வாரிசு இருக்கிறதா? களத்தில் அவன் விழுந்தால் அடுத்து அமரப் போகிறவர் யார் என்பதைப் பார்த்துவிட்டுப் போரைப் பற்றிப் பேசுவோம்.

புதுமண்டபம்:

வணக்கம். நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். என் மகன் ஆடுவதைப் பார்த்து இந்த ஆட்டத்துக்குள் வந்தேன். போர் நுட்பம் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியைப் படித்தபோது, நம் ஊர் இதே சிக்கலை ஏறத்தாழ 200 ஆண்டுகள் வாழ்ந்து பார்த்திருக்கிறது என்ற எண்ணம் வந்ததால் எழுதுகிறேன்.

ஆட்டத்தின் அரசவையை முதன்முதலில் திறந்தபோது எனக்கு நம் பழைய ஐம்பெருங்குழு நினைவுக்கு வந்தது. அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதுவர், சாரணர் என்று நம் முன்னோர் வகுத்த ஐந்தும் இந்த ஆட்டத்தின் ஸ்டீவர்ட், அரச குரு, மார்ஷல், சான்சலர், ஸ்பைமாஸ்டர் ஆகிய ஐந்தோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன. ஐரோப்பாவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஆட்டம் நமக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு, எந்த அரசனுக்கும் வரி, வழிபாடு, படை, உறவு, உளவு என்ற ஐந்து கவலைகள் இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி நாயக்கர் காலம். விசுவநாத நாயக்கர் 1529இல் மதுரையில் ஆட்சியைத் தொடங்கியபோது, பாண்டிய நாட்டின் பழைய தலைவர்களையும் வடக்கிலிருந்து வந்த படைத்தலைவர்களையும் ஒரே குடையின்கீழ் வைத்திருக்க வேண்டிய நிலை இருந்தது. அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார்கள். மதுரைக் கோட்டையைச் சுற்றி 72 கொத்தளங்கள் எழுப்பி, ஒவ்வொரு கொத்தளத்தையும் காக்கும் பொறுப்பை ஒவ்வொரு பாளையக்காரருக்கு அளித்தார்கள் என்பது மரபு. 72 பேருக்கு அரசவையில் இடம் கொடுக்க முடியாது; ஆனால் தலைநகரின் மதிலில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கொடுக்க முடிந்தது. அந்த இடம் அவர்களுக்குப் பெருமையாகவும் இருந்தது, அரசரின் கண்ணெதிரே அவர்களுடைய ஆட்களை வைத்திருக்கும் ஏற்பாடாகவும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மதிலை இடித்துத்தான் இன்றைய வெளி வீதிகளைப் போட்டார்கள். ஆயினும் ஆயிரங்கால் மண்டப வாசலில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் அரியநாதரை இன்றும் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது கொத்தளத்தைவிட, 72 என்ற எண்ணிக்கையே. தனித்தனியாக எந்தப் பாளையக்காரரும் மதுரையை எதிர்க்கும் அளவுக்குப் பெரியவராக இல்லை. இதற்கு விலக்காக வளர்ந்தவர்கள் இராமநாதபுரத்துச் சேதுபதிகள். திருமலை நாயக்கர் காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். தம் விருப்பத்துக்கு மாறாக நடந்த சேதுபதி சடைக்கத் தேவரை அடக்க நாயக்கர் தளவாய் இராமப்பையனைப் படையோடு அனுப்பினார். சேதுபதி பிடிபட்டு மதுரையில் சிறை வைக்கப்பட்டார். ஆனால் அவர் இல்லாமல் மறவர் நாடு அமைதி இழந்தது, இராமேசுவரம் செல்லும் வழி பாதுகாப்பற்றுப் போனது, கடைசியில் அவரை விடுவித்துப் பதவியைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் இறந்த பிறகு நாயக்கர் அந்த நாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை, மற்றவர்கள் மறைந்ததும் ரகுநாத சேதுபதியின் கையில் எல்லாம் மீண்டும் ஒன்று சேர்ந்தது. அதே ரகுநாதர்தான், மைசூர்ப் படை மூக்குகளை அறுத்துக்கொண்டு மதுரையை நோக்கி வந்தபோது, முதுமையில் நோயுற்றிருந்த திருமலை நாயக்கருக்குத் துணையாக ஓடி வந்து காப்பாற்றினார். நாயக்கர் நன்றியாக அவருக்குத் திறையை நீக்கினார், தம் பெயரையே பட்டமாகக் கொடுத்தார், மதுரையில் நடப்பதைப் போலவே இராமநாதபுரத்திலும் நவராத்திரி விழாவைக் கொண்டாடச் சிறப்புரிமை அளித்தார். அந்தத் தலைமுறைக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னர் கிழவன் சேதுபதி காலத்தில் இராணி மங்கம்மாள் 1702இல் அனுப்பிய படை தோற்றது, அதை நடத்திச் சென்ற தளவாய் நரசப்பையர் களத்தில் இறந்தார், இராமநாதபுரம் மதுரையின் பிடியைவிட்டு விலகியது.

ஒரே சிற்றரசர் குடும்பத்திடம் சிறை, பிரிவினை, பட்டம் என்று மூன்று வழிகளும் பயன்படுத்தப்பட்டன. மிகுந்த பயன் தந்தது மூன்றாவது. ஆனால் அது ரகுநாதர் என்ற மனிதரோடு செய்த உறவு, அவருக்குப் பின் வந்தவரைக் கட்டவில்லை. உங்கள் ஆட்டத்திலும் அப்படித்தான், தம்பி. அரசவையில் இடம் கொடுப்பதும் பெண் கொடுப்பதும் இந்தத் தலைமுறைக்கான மருந்து. அடுத்த தலைமுறைக்கு என்ன செய்யலாம் என்றால், தஞ்சையின் ஆட்சியாளர் இத்தனை பெரியவராக இருப்பதையே மாற்ற வேண்டும். சிற்றரசரோடு உள்ள ஒப்பந்தத்தில் கட்டாய வாரிசுப் பிரிவினை என்று ஒரு விதி இருக்கிறது. அரசவையில் உறுதியான இடம் என்ற சலுகையைக் கொடுத்து, அதற்கு ஈடாக அந்த விதியை ஏற்கச் செய்தால், ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்த வேண்டும்.

யானைமலை:

மிக நன்றி, அம்மா. சேதுபதி பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஒப்பந்தம் பற்றி ஒரு சிறு திருத்தம். இந்தக் காலகட்டத்தில் சிற்றரசர்களுடைய நிலமும் வாரிசுகளுக்கிடையே பிரிந்தேதான் போகும். மூத்த மகனுக்கே எல்லாம் என்ற சட்டம் அவர்களுக்குக் கிடைக்க இன்னும் பல தலைமுறைகள் இருக்கின்றன. எனவே கட்டாயப் பிரிவினை விதிக்காக இப்போது எதையும் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகைக்கு ஈடாகக் கூடுதல் வரியோ கூடுதல் படையோ கேட்பது பயனுள்ளது. சலுகையும் சுமையும் சமமாக இருந்தால் கொடுங்கோன்மை சேராது.

ஆனால் நீங்கள் சொன்ன அடிப்படை மிகச் சரி. தஞ்சை ஆட்சியாளருக்கு எத்தனை மகன்கள் என்று பாருங்கள், தெற்குமாசி. மூன்று பேர் இருந்தால் காலமே அந்த நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரே மகன் என்றால் காலத்தை நம்ப முடியாது. அப்படிப் பிரியும்போது எத்தனை துண்டானாலும் வரிசையில் யாரோ ஒருவர் வலிமைமிக்கவர் என்ற குறியோடு நிற்கத்தான் செய்வார். ஆயினும் அவருடைய படை சிறுத்திருக்கும், அவரை விலக்கி வைத்தாலும் 80 சதவீதம் என்ற கோட்டை அவரால் எட்ட முடியாது. இனிமேல் புதிதாக வெல்லும் நிலத்தை ஏற்கெனவே பெரியவராக உள்ள ஒருவருக்குக் கொடுக்காமல், நிலமற்றவர்களுக்கு ஒவ்வொரு கவுன்டியாக (ஆட்டத்தில் ஒரு சிறு நிலப்பகுதி) பிரித்துக் கொடுங்கள். உங்கள் அப்பா பழைய குடும்பங்களை அப்படியே விட்டுவைத்தது அன்றைக்கு எளிய வழி. இன்றைய தலைவலியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தெற்குமாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அமர்ந்து நான்கு ஆண்டுகள் ஆடி முடித்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஸ்பைமாஸ்டர் பதவி. சிற்றப்பாவின் படைத்திறன் 9தான் என்றாலும், அவரை மார்ஷலாக்கிவிட்டு, சிறுவயது முதல் அரசனோடு வளர்ந்த நண்பன் ஒருவனை ஒற்றர் தலைவனாக அமர்த்தினேன். அவனுடைய திறன் 11. எட்டு மாதம் கழித்து அவன் ஒரு கொலைச் சதியைக் கண்டுபிடித்தான். அதை நடத்தியவர் சிற்றப்பா அல்லர், வேணாட்டார். சிற்றப்பா அதே பதவியில் இருந்திருந்தால் அந்தச் சதி வெளியே வந்திருக்குமா என்று நினைக்கும்போதெல்லாம் யானைமலை அண்ணனுக்கு நன்றி சொல்கிறேன்.

மண உறவு பற்றி அண்ணன் கேட்டது சரியாக இருந்தது. அப்பா என் தங்கையைக் கொங்கு ஆட்சியாளரின் மகனுக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார். உடன்படிக்கை அப்பாவோடு போய்விட்டது, மண உறவு இருந்தது. மீண்டும் பேசினேன், ஒப்புக்கொண்டார், மறு மாதமே கூட்டணியிலிருந்து விலகிவிட்டார். ஒரு பொன்கூடச் செலவாகவில்லை. 76 சதவீதம் 49 ஆனது.

தஞ்சை ஆட்சியாளரின் பேச்சுத் திறன் 12. சான்சலர் பதவியைக் கொடுத்தேன். முந்தைய சான்சலரின் திறன் 18 என்பதால் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் தஞ்சையார் பதவி ஏற்று, 60 பொன் பரிசும் பெற்ற பிறகு, கூட்டணித் தலைமையையே விட்டுவிட்டார். அவருக்கு நான்கு மகன்கள். ஸ்டீவர்டை நான் தொடவில்லை, வரி குறையவில்லை.

இப்போது கூட்டணியில் வேணாடு மட்டும் தனியாக இருக்கிறது. கொலைச் சதி வெளிப்பட்டுவிட்டதால் அவரைக் கைது செய்ய எனக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கைது முயற்சி தோற்றால் அவர் உடனே போரில் இறங்குவார். மேலூர்த்தடாகம் சொன்ன வழியை இவர் ஒருவர் மீது மட்டும் பயன்படுத்தலாமா?

மேலூர்த்தடாகம்:

தாராளமாகப் பயன்படுத்தலாம். நான் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மூவரோடு ஒரே நேரத்தில் போரிடுவதில் யானைமலை அண்ணே சொன்ன வடக்கத்திய ஆபத்து இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஒருவரோடு என்றால் அந்த ஆபத்து இல்லை. முதலில் படைப்பிரிவைக் கன்னியாகுமரிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள், பிறகு கைது ஆணை இடுங்கள். பிடிபட்டால் நல்லது. பிடிபடாமல் போர் தொடுத்தால், அவர் ஆட்களைத் திரட்டி முடிப்பதற்குள் நீங்கள் எல்லையில் இருப்பீர்கள். கொங்கு இப்போது உங்கள் நேசர் என்பதால் அவரையும் போருக்கு அழைக்கலாம். வென்றதும் ஒரு பட்டத்தை மட்டும் பறியுங்கள், உயிரை எடுக்க வேண்டாம். அந்தப் பட்டத்தைத் தஞ்சைக்கோ சிற்றப்பாவுக்கோ கொடுத்துவிடாதீர்கள். அண்ணே சொன்னபடி சிறு சிறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

புதுமண்டபம்:

தம்பி, வாரிசு பற்றி யானைமலை அவர்கள் முன்பே கேட்டார்கள். நீங்கள் விடை சொல்லவில்லை.

தெற்குமாசி:

மன்னிக்க வேண்டும், அம்மா. சென்ற ஆண்டு மகன் பிறந்திருக்கிறான், இரண்டு வயதாகப் போகிறது. வேறு பிள்ளைகள் இல்லை.

யானைமலை:

அப்படியானால் வேணாட்டுக்குப் புறப்படுமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அரசன் களத்தில் இறந்தால் இரண்டு வயதுக் குழந்தை முடிசூடும். அந்தக் குழந்தை வளரும்வரை ஆட்சியை நடத்த ஒருவர் வருவார். அந்த இடத்துக்கு முடி உரிமையுள்ள சிற்றப்பா வந்து அமர்ந்தால், இதுவரை செய்த ஏற்பாடுகளெல்லாம் வீணாகும். ஆட்சிப் பொறுப்பாளர் யார் என்பதை அரசன் உயிரோடு இருக்கும்போதே குறித்து வைக்க ஆட்டத்தில் வழி உண்டு. உங்கள் ஸ்டீவர்ட் நிலமில்லாதவர், முடிமேல் உரிமை இல்லாதவர், நிர்வாகத் திறன் 22 உள்ளவர். பட்டியலில் அவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அவரையே குறியுங்கள். படையை நீங்களே நடத்திச் செல்ல வேண்டாம்; தளபதி ஒருவரை அனுப்பிவிட்டு அரசனை மதுரையிலேயே இருக்கச் செய்யுங்கள்.

தெற்குமாசி:

பார்த்தேன் அண்ணே, பட்டியலில் இருக்கிறார். அவரையே குறித்துவிட்டேன். சிற்றப்பாவின் நல்லெண்ணம் இன்னும் சுழியத்துக்கு மேலே வரவில்லை என்பதால், அவரை நயந்து பேசும் முயற்சியையும் இன்றே தொடங்கியிருக்கிறேன். படை தெற்கே புறப்பட்டுவிட்டது. கைது ஆணையை நாளை இரவு இடுவேன்.